செத்த சொற்களும் சாகாத சொல்லும்

அகராதியைப் புரட்டிப் பார்த்துப் பூரித்துப் போகும் கூட்டமொன்று நம் நாட்டிலே பெருகி வருகிறது. ஆங்கில மொழிக்கே நாம் சொற்கடன் கொடுத்தவர்கள் என்று அக்கூட்டம் மார்தட்டுகிறது. கறி அங்கே சென்றது, கட்டுமரம் சென்றது, சுருட்டு சென்றது, மிளகுத் தண்ணீர் சென்றது, வெட்டிவேரும் பச்சிலையும் மணம் வீசிக்கொண்டே சென்றன. ஆகவே தமிழன் உலகுக்குச் சொல் ஈந்த வள்ளல்! பள்ளிக்கூடத் தமிழ் மன்றத்துச் சுவரிலே இப்பட்டியல் தொங்குகிறது. ஆண்டு விழா மேடையிலே முழங்கப்படுகிறது. கைப்பேசி வழியாக நாள்தோறும் வீட்டுக்குள்ளேயே வந்து சேருகிறது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் தொழிலை மேற்கொண்டிருக்கும் நாம் இதனை எத்தனை முறை கேட்டிருப்போம் என்பதற்குக் கணக்கே இல்லை.

கேட்டு மகிழ்ந்ததுமுண்டு, மறைப்பானேன்? ஆனால், தோழர்களே, அந்தப் பட்டியலிலே ஒரு சொல் இல்லை. எந்தச் சுவரிலும் இல்லை, எந்த மேடையிலும் இல்லை. தமிழிலிருந்து ஆங்கிலம் புகுந்த சொற்களுள் இன்றைக்கும் உலகச் செய்தித்தாள்களில் ஓயாமல் அடிபடுகின்ற சொல் அது. கட்டுமரம் கரை ஒதுங்கினாலும், சுருட்டு அணைந்து போனாலும், அந்தச் சொல் மட்டும் ஓயவில்லை. 'பரையா' என்பது அச்சொல். ஒதுக்கப்பட்டவன், அண்டத் தகாதவன், எவரும் உறவு கொள்ளக் கூடாதவன் என்பது அதற்கு ஆங்கில அகராதி கூறும் பொருள்.

வள்ளல்கள் இந்தக் கொடையை மட்டும் ஏன் மறைக்கிறார்கள்? இதனைக் கேட்கவே இக்கட்டுரை.

முதலிலே பட்டியலைச் சற்றுச் சலித்தெடுப்போம். பகுத்தறிவாளர் என்று சொல்லிக் கொள்வோர் தமக்குப் பிடித்த பொய்யையும் பொய்யென்றே சொல்லக் கடமைப்பட்டவர்கள் அல்லவா! 'நாவாய்' என்பதிலிருந்துதான் ஆங்கிலேயரின் 'நேவி' பிறந்தது என்பார் உண்டு. அது இலத்தீன் மொழியிலே கப்பலைக் குறித்த சொல்லின் வழிவந்தது. 'காசு'தான் 'கேஷ்' என்பார் உண்டு. இதிலே பாதி உண்மை இருக்கிறது. சென்னைக் கோட்டையிலே வெள்ளையர் புழங்கிய சின்னஞ்சிறு செப்புக் காசுக்கு 'கேஷ்' என்ற பெயர் நம் காசிலிருந்தே சென்றது. ஆனால் கடையிலே ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளிலே பணப்பெட்டியைக் குறித்த சொல்லின் பிள்ளை. ஒலியிலே ஒன்றிய இரண்டு சொற்கள், உறவிலே அயலார். 'கொல்' என்பதும் 'கில்' என்பதும், 'எட்டு' என்பதும் 'எயிட்' என்பதும் இப்படிப்பட்ட தற்செயல் ஒற்றுமைகளே. சாதகத்திலே பொருத்தம் பார்ப்பவன் செய்யும் வேலையைச் சொல்லாராய்ச்சியிலே செய்வோர் தம்மைத் தமிழ்ப் பற்றாளர் என்று அழைத்துக் கொள்வது நமக்கு வெட்கத்தைத் தருகிறது.

பொய்யை நீக்கிய பின்னும் மெய்யே நிரம்ப மிஞ்சுகிறது. அதற்குச் சான்றான பெருநூல் ஒன்று உண்டு. ஹென்றி யூல் என்பாரும், சென்னை மாகாணத்திலே நீதிபதியாக இருந்த ஏ. சி. பர்னல் என்பாரும் தொகுத்து, 1886ஆம் ஆண்டு வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் அகராதி அது. பர்னல் அதனை அச்சிலே காணாமலே 1882இல் மறைந்து போனார். முகரம் நாளிலே 'யா ஹசன்! யா ஹுசைன்!' என்று மக்கள் எழுப்பிய முழக்கம் வெள்ளைச் சிப்பாயின் காதிலே விழுந்து உருக்குலைந்த கோலமே அப்பெயர். இந்தியாவிலே வாழ்ந்த ஆங்கிலேயர் நாவிலே புழங்கிய சொற்களுக்கெல்லாம் பொருளும் வரலாறும் கூறும் அந்நூல், இன்று பெரும்பாலும் சொற்களின் இடுகாடு. ஒவ்வொரு பக்கமும் ஒரு கல்லறை.

அந்த இடுகாட்டிலே சிறிது உலவுவோம். 'கனிகாபொலி' என்று ஒரு சொல். யார் இந்த விந்தை மனிதர் என்று பார்த்தால், நம் கணக்கப்பிள்ளை! 'ஃபானம்' என்பது பணம். 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்பது சென்னையின் பழைய கணக்கு. 1818ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் அரியணை ஏறியதும் இந்தக் கணக்கு மடிந்தது. கணக்கு மடிந்ததும் 'ஃபானம்' என்ற சொல்லும் மடிந்தது. 'துபாஷ்' என்றால் இரு மொழி அறிந்த தரகன், வெள்ளை வணிகனுக்கும் நம்மவருக்கும் இடையே நின்று பொருள் ஈட்டியவன். காஞ்சியிலும் சென்னையிலும் கல்விக் கூடங்களாக இன்று நிற்கும் பச்சையப்பர் செல்வம், 1794இல் மறைந்த அந்தத் துபாஷி ஈட்டிய செல்வந்தான். கம்பெனி வாணிபம் போயிற்று, துபாஷும் போனான். 'கட்டமரான்' என்ற சொல்லுக்கு ஒரு காலத்திலே ஆங்கிலேயர் நாட்டிலே சண்டைக்காரி என்றும் பொருள் இருந்ததாம். 1804இல் நெப்போலியனின் கப்பல்களைக் கொளுத்துவதற்கு அவர்கள் மிதக்கவிட்ட வெடிமருந்துத் தெப்பத்துக்கும் அதே பெயர். நம் மீனவனுக்கு இவ்விரண்டும் தெரியாது.

காஞ்சிவாழ் நமக்கு நகைப்பூட்டும் சொல் இன்னொன்று உண்டு: 'பகோடா'. மாலைவேளையில் எண்ணெய்ச் சட்டியிலே பொரியும் பண்டம் அன்று, அது வேறு. ஆங்கிலேயர் கோயிலுக்கும் 'பகோடா' என்றார்கள், கோயில் தெய்வத்தின் உருப் பொறித்த வராகன் என்னும் பொற்காசுக்கும் 'பகோடா' என்றார்கள். கோயிலுக்கும் காசுக்கும் ஒரே சொல்! இந்தியாவுக்குச் சென்று குறுகிய காலத்திலே கொழுத்துத் திரும்புவதைப் 'பகோடா மரத்தை உலுக்குதல்' என்று சொல்லிச் சிரித்தார்கள். கோயில் நகரத்திலே வாழ்ந்து, உண்டியலையும் அர்ச்சனைச் சீட்டையும் நாள்தோறும் காண்கின்ற நமக்கு, அந்த வெள்ளையன் அறியாமலே அறிவுள்ள வேலை செய்துவிட்டான் என்று தோன்றுகிறது.

'கான்ஜி' என்றொரு சொல்லும் அங்கே கிடக்கிறது. கஞ்சிதான். பட்டாளத்திலே குற்றம் செய்த சிப்பாயை அடைத்துக் கஞ்சி ஊற்றிய சிறைக்கூடத்துக்குக் 'கான்ஜி வீடு' என்று பெயராம். நம் ஊரிலோ மனிதன் குடிக்குமுன் பாவு குடிக்கிறது கஞ்சியை. பாவுக்குக் கஞ்சியிட்டு, இழை முறுக்கேறிய பிறகே தறியிலே ஏறும்.

மேலே சொன்னவையெல்லாம் பொழுதுபோக்குச் சொற்கள். இனி வருபவை அப்படிப்பட்டவை அல்ல. 'சட்டீ' என்று ஒரு சொல். கணவன் பிணத்தோடு பெண்ணை உயிரோடு எரித்ததைக் குறித்தது. வங்காளத்திலே 1829இலும் சென்னை மாகாணத்திலே 1830இலும் சட்டம் அந்தத் தீயை அணைத்தது. இன்று அச்சொல் வரலாற்றுப் புத்தகத்துச் சொல். 'நாட்ச்' என்று ஒரு சொல். கோயில் ஆட்டத்துக்கென்று பொட்டுக் கட்டிவிடப்பட்ட பெண்களின் கூத்தைக் குறிக்க ஆங்கிலேயர் கையாண்டது. நம் காஞ்சிக் கோயில்களிலும் பொட்டுக் கட்டும் வழக்கம் இருந்தது. மருத்துவர் முத்துலட்சுமி சட்டமன்றத்திலே வாதாடினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று போராடினார். 1947ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வழக்கத்துக்குச் சமாதி கட்டிற்று. 'நாட்ச்' என்ற சொல்லை இன்று எவரும் பேசக் காணோம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைத் துரைமாரின் ஆங்கிலத்திலே 'டுண்டு' என்று ஒரு சொல் இருந்தது. நம் 'துண்டு'தான். தொழிலாளி பட்ட கடனை எழுதிய சீட்டு அது. அதைத் தீர்க்காமல் ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்கு அவன் போக முடியாது. கடன் வளரும், துண்டும் வளரும், வாழ்வு மட்டும் தேயும். 1921ஆம் ஆண்டு அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 'டுண்டு' அகராதிக்குப் போய்ச் சேர்ந்தது.

இவற்றிலிருந்து நாம் கண்டுகொள்வது ஒன்று. எந்த இலக்கணப் புலவரும் இச்சொற்களைக் கொல்லவில்லை. எந்த நாகரிகச் சங்கமும் 'இச்சொல்லை விலக்குக' என்று தீர்மானம் இயற்றியதால் இவை மறையவில்லை. குறிக்கப்பட்ட கொடுமையைக் கொன்றார்கள். குறித்த சொல் தானே செத்தது.

அப்படியானால் 'பரையா' ஏன் சாகவில்லை?

பறை என்றால் முழவு. பறைதல் என்றால் சொல்லுதல். புறநானூற்றிலே மாங்குடி கிழார் பாடலொன்று சிறப்புடைய நான்கு குடிகளை எண்ணுகிறது. அவற்றுள் ஒன்று பறையன். முழவு கொட்டிச் செய்தி சொன்னவன் இழிந்தவனாக அங்கே நிற்கவில்லை. அப்பெயரின் பன்மையே 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியர் எழுத்திலே ஏறியது. அதற்குள் இங்கே நிலைமை மாறிவிட்டிருந்தது. அவர்கள் எடுத்துச் சென்றது முழவுக்காரனின் பெயரை அன்று, ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவனின் பெயரை. 1791இல் பெர்னார்தன் தெ சேன் பியேர் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் இந்தியக் குடிசையொன்றில் வாழும் 'பரையா'வைக் கதைத் தலைவனாக்கினார். 1821இல் கசிமிர் டெலவீன் அதே பெயரால் நாடகம் எழுதிப் பாரிசிலே நடிக்கச் செய்தார். அதன்பின் அச்சொல் எங்கெங்கோ சென்றது. செருமானிய அறிஞர் மாக்ஸ் வெபர் யூத மக்களைக் குறிக்க அதனையே எடுத்துக் கொண்டார். 1944இல் அன்னா ஆரெண்ட் என்னும் யூதப் பேரறிஞர், தம் மக்கள் பட்ட பாட்டை விளக்க வேறு சொல் போதாதென்று இதனைத்தான் தேர்ந்தார்.

ஐரோப்பியரிடம் சொல் இல்லாமலா இருந்தது? தள்ளி வைக்கப்பட்டவன், நாடு கடத்தப்பட்டவன், தொழுநோயாளன் என்று அவர்களிடமும் பல சொற்கள் இருந்தன. ஆனால் அவையெல்லாம் ஏதோ செய்ததற்காக, ஏதோ நேர்ந்ததற்காக ஒதுக்கப்பட்டவனைக் குறித்தன. எதுவும் செய்யாமல், எந்த நோயும் அடையாமல், தாய் வயிற்றிலிருக்கும்போதே தீர்ப்பு எழுதப்பட்டவனுக்கு அவர்களிடம் தக்க சொல் இல்லை. அதற்கு இங்கே வர வேண்டியிருந்தது. அந்தப் பெருமை நம்முடையது! மேடையிலே முழங்கும் வள்ளல்கள் இதையும் சேர்த்து முழங்கட்டுமே!

இன்று அச்சொல் படும் பாடு இன்னும் வேடிக்கையானது. 2018ஆம் ஆண்டு பத்திரிகையாளர் கசோகி கொலையுண்டார். அதன் தொடர்பாக, அடுத்த ஆண்டு அமெரிக்கத் தேர்தல் விவாத மேடையிலே ஜோ பைடன் சவூதி அரசைப் 'பரையா' ஆக்குவோம் என்று பேசினார். அணுகுண்டு செய்யும் அரசு, அண்டை நாட்டின்மீது படையெடுக்கும் அரசு, எல்லாவற்றுக்கும் இதே பட்டம். ஒரு குற்றமும் செய்யாத உழைப்பாளி மக்களின் பெயர் உலகத்துக் கொலைகாரர்களுக்கெல்லாம் பட்டமாகிறது. ஆங்கிலேயர் இங்கே இருந்தபோதும் தெருநாய்க்கு இப்பெயரை முன்னொட்டாக்கினார்கள், பருந்துக்கு ஆக்கினார்கள், மட்டச் சாராயத்துக்கும் ஆக்கினார்கள். ஹாப்சன்-ஜாப்சனிலே இம்மூன்றும் தனித்தனிச் சொற்களாக இன்னும் இருக்கின்றன. செருப்புத் தைப்போரை 'சக்ளர்' என்று எழுதியதும் இப்படியே ஒரு குலத்தின் பெயரைத் தொழிலின் பெயராக்கிய செயல்.

'பார்த்தீர்களா, வெள்ளையன் செய்த சூழ்ச்சியை! சாதி இழிவு என்பதே அவன் கட்டிவிட்ட கதை!' என்று இப்போது ஒரு குரல் எழும். அண்மைக் காலத்திலே அந்தக் குரல் ஓங்கி ஒலிக்கிறது. அவன் நாய்க்குப் பெயர் வைத்தது அவன் திமிர்; அதை நாம் மன்னிக்கவில்லை. ஆனால் இழிவையும் அவனே இறக்குமதி செய்தானா? தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். இராசராசன் காலத்துக் கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டின் தொடக்கம். கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களிலே வரி நீக்கப்பட்ட இடங்களை எண்ணும்போது பறைச்சேரி என்று ஒன்றைக் குறிக்கிறது, தீண்டாச்சேரி என்றும் ஒன்றைக் குறிக்கிறது. தீண்டாச்சேரி! கல்லிலே, நல்ல தமிழிலே, எழுத்துப் பிழையின்றி! இலண்டனிலே கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது 1600இல். அதற்கு ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன்பே வெட்டப்பட்ட எழுத்து அது. வெள்ளையன் ஒலிபெயர்த்தான், மூலம் நம்முடையது. கோபுரத்தின் உயரத்தைப் பாடும் புலவர்கள் அதன் அடியிலே வெட்டியிருப்பதையும் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கட்டும்.

இச்சொல்லைச் சுமந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது நம் இளைஞர் பலருக்குத் தெரியாது. நம் பக்கத்துக் கோழியாளத்திலே பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893இல் தாம் தொடங்கிய இதழுக்கே 'பறையன்' என்று பெயரிட்டார். எதைச் சொல்லி இழிக்கிறாயோ அதையே கொடியாகப் பிடிக்கிறேன், என்ன செய்வாய் என்று கேட்ட துணிவு அது! அவருடைய உறவினரான அயோத்திதாசப் பண்டிதரோ அப்பெயரைத் தம் மக்கள்மீது பகைவர் பூசிய சேறு என்று கருதினார். நாங்கள் பூர்வ பௌத்தர் என்றார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று இதழ் நடத்தினார். ஒருவர் சொல்லை உயர்த்திப் பிடித்தார், மற்றவர் உதறித் தள்ளினார். இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அடிபட்டவன் எந்த மருந்தைத் தடவிக் கொள்ள வேண்டுமென்று வேடிக்கை பார்த்தவன் சொல்லக் கூடாது. 1922ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்திலே எம். சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில், பழைய பெயர்களை விடுத்து 'ஆதி திராவிடர்' என்று வழங்க அரசு ஆணையிட்டது. அது அம்மக்களின் பிரதிநிதியே கேட்டுப் பெற்ற பெயர். மேலிருந்து இரக்கப்பட்டுச் சூட்டிய 'அரிசன்' போன்ற பெயரைக் காட்டிலும் ஆயிரம் மடங்கு மானமுள்ள பெயர்.

ஆயினும், பெயரை மாற்றுவதாலேயே காரியம் முடிந்துவிடும் என்று நம்புவோரிடம் சொல்ல வேண்டியது உண்டு. 1843ஆம் ஆண்டுச் சட்டம் இந்நாட்டிலே அடிமைத்தனத்தைச் செல்லாததாக்கிற்று. 'அடிமை' என்ற சொல் அரசாங்க ஏட்டிலிருந்து மறைந்தது. அந்த ஆளோ அதே வயலிலே, அதே கோவணத்தோடு, 'படியாள்' என்றும் 'பண்ணையாள்' என்றும் புதுப்பெயர் பூண்டு நின்றான். சொல்லைக் கொன்றார்கள், கொடுமையை விட்டுவிட்டார்கள். பிறகு 'சேரி' வந்தது. ஆதியிலே சேரி என்றால் மக்கள் சேர்ந்து வாழும் இடம். கம்மாளருக்கும் சேரி இருந்தது. அது ஒரு சாராரின் குடியிருப்புக்கு மட்டும் உரியதாகி வசவாயிற்று. வசவைத் துடைக்க ஆங்கிலக் கடையிலிருந்து நாகரிகமான ஒரு சொல் வாங்கி வந்தார்கள்: 'காலனி'!

அச்சொல்லின் பிறப்பைப் பாருங்கள், தோழர்களே! இலத்தீன் மொழியிலே 'கொலோனஸ்' என்றால் உழவன். உழுவதற்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்திய இடம் 'கொலோனியா'. உரோமப் பேரரசு போர் முடித்த வீரர்களுக்கு அப்படி நிலம் கொடுத்தது. உழவனின் ஊர் என்று பொருள்படும் சொல், நம் நாட்டிலே உழுகின்றவனுக்கு நிலமே இல்லாத தெருவுக்குப் பெயராயிற்று! பேருந்திலே 'காலனி நிறுத்தம்' என்று நடத்துநர் குரல் கொடுத்ததும், இறங்குகின்றவர் இன்ன சாதி என்று ஏறி அமர்ந்திருப்போர் முகக்குறிப்பாலே பேசிக் கொள்வதை நாம் கண்டிருக்கிறோம். விலாசத்திலே அந்தச் சொல் இருப்பதால் விலாசத்தையே சுருக்கி எழுதும் மாணவர்கள் இருக்கிறார்கள். இலத்தீன் சொல்லுக்கும் தீட்டு ஒட்டிக் கொண்டது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள், ஆதிக்கத்தின் அடையாளமாகவும் வசைச் சொல்லாகவும் அது மாறிவிட்டதனால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சட்டமன்றத்திலே அறிவித்தார். நல்ல அறிவிப்பு, வரவேற்கிறோம். ஆனால் ஐயமும் கொள்கிறோம். சேரியின்மேல் போர்த்திய போர்வை காலனி. காலனியின்மேல் போர்த்தப்படும் அடுத்த போர்வையும் எத்தனை நாளைக்குத் தூய்மையாக இருக்கும்? ஊர் வேறு, அது வேறு என்று இரண்டு இடுகாடும் இரண்டு குடிநீர்த் தொட்டியும் இருக்கும் வரையில், எந்தப் பூவின் பெயரைச் சூட்டினாலும் அந்தப் பூ வாடிவிடும்.

சொல்லின் மதிப்பை அதன் பின்னே நிற்கும் வாழ்வே முடிவு செய்கிறது என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. பிள்ளையார்பாளையத்திலே நெசவாளியைக் கேளுங்கள். முதலாளி தரும் பாவையும் பட்டையும் சரிகையையும் வாங்கி, சேலையை அறுத்துக் கொடுத்து அவர் பெறுவது 'கூலி'. கூலி உயர்வு கேட்பார். கூலி குறைந்தால் சங்கம் கூட்டுவார். அச்சொல்லைச் சொல்ல அவர் நாணுவதில்லை. அதே சொல் கப்பலேறியதும் என்னவாயிற்று? 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் ஒப்பந்தத் தொழிலாளரை நேட்டாலிலே இறக்கியது. தென்னாப்பிரிக்காவிலே 'கூலி' என்பது இந்தியன் ஒவ்வொருவன்மீதும் துப்பும் வசவாயிற்று. அதன் வேர் நம் கூலியா, குஜராத்துக் கோலி என்னும் மக்களின் பெயரா என்று அகராதிக்காரர் இன்னும் வழக்காடுகிறார்கள், இரண்டும் கலந்திருக்கலாம். ஒலி ஒன்றே. சங்கம் சேர உரிமையுள்ளவன் வாயிலே அது ஊதியம். சவுக்கைப் பிடித்தவன் வாயிலே அது இழிவு.

இனி, பழைய ஆங்கிலச் சொல்லொன்று இன்றைக்கும் நம் வட்டாட்சியர் அலுவலகத்திலே உயிரோடு உறங்கிக் கொண்டிருக்கும் கதைக்கு வருவோம். காஞ்சிபுரம் அக்காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்திற்கு உட்பட்டிருந்தது. அம்மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891ஆம் ஆண்டு அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். 'செங்கற்பட்டுப் பரையாக்களைப் பற்றிய குறிப்பு' என்பது அதன் பெயர். நாயோடும் பருந்தோடும் சேர்த்துப் பேசப்பட்ட அதே சொல், இந்த ஒரு தாளிலே மட்டும் மனிதர்களைக் குறித்தது. உழுகிறவனுக்குக் குடிசை போட்ட மனைகூடச் சொந்தமில்லை என்று அவர் எழுதினார். மிராசுதாரோடு முரண்பட்டால் இரவோடிரவாக வெளியேற வேண்டும் என்றார். தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டாலும் மிராசுதாரர் முன்னுரிமை சொல்லித் தடுத்துவிடுகிறார்கள் என்றார். அதன் பயனாக 1892இலே ஆணை பிறந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று நிலம் ஒதுக்கப்பட்டது. அதுவே பஞ்சமி நிலம்.

அக்கால ஆங்கிலத்திலே அம்மக்களுக்கு 'டிப்ரஸ்டு கிளாஸ்' என்று பெயர். அதனாலே பதிவேட்டிலே 'டி.சி. நிலம்' என்று குறித்தார்கள். 1935ஆம் ஆண்டுச் சட்டம் 'பட்டியல் சாதி' என்ற பெயரைக் கொண்டுவந்ததும் 'டிப்ரஸ்டு கிளாஸ்' வழக்கொழிந்த ஆங்கிலமாயிற்று. இலண்டனிலே எவரும் சொல்வதில்லை, தில்லியிலும் சொல்வதில்லை. ஆனால் நம் பழைய நிலப் பதிவேடுகளிலே அந்த இரண்டு எழுத்து இன்னும் இருக்கிறது, அதற்குப் பொருளும் இருக்கிறது. குறிப்பிட்ட ஆண்டுகள் வரை விற்கக் கூடாது, அதன்பின் விற்றாலும் அதே மக்களுக்கு அன்றிப் பிறருக்கு விற்கக் கூடாது, மீறினால் விற்பனை செல்லாது என்பதே அந்தப் பொருள். கனிகாபொலியும் துபாஷும் பொருளிழந்து போயின. இந்த இரண்டு எழுத்தோ ஏக்கர் கணக்கிலே பொருள் பெறுகிறது. மாநிலம் முழுவதும் அப்படி வழங்கப்பட்டது 12 இலட்சம் ஏக்கர் என்று நில மீட்புப் போராளிகள் சொல்கிறார்கள். அதிலே எவ்வளவு இன்று உரியவர் கையிலே இருக்கிறது? நிபந்தனையை மறைத்து வாங்கியவர் உண்டு, கடனுக்கு எழுதி வாங்கியவர் உண்டு, மனைப்பிரிவாக்கி விளம்பரப் பலகை நட்டவர் உண்டு. காரணை என்ற சிற்றூரிலே அந்நிலத்தை மீட்கப் போராடினார்கள். அதன் தொடர்ச்சியாக 1994 அக்டோபரிலே செங்கற்பட்டிலே நடந்த துப்பாக்கிச் சூட்டிலே ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் மாண்டனர்.

'பரையா' என்ற சொல்லை வெளிநாட்டு ஏடுகள் விலக்க வேண்டும் என்று கேட்பது முறைதான். கேட்போம், கேட்க வேண்டும். ஆயினும் நியூயார்க்குக்கு விண்ணப்பம் எழுதும் கை முதலிலே காஞ்சிபுரத்து வட்டாட்சியருக்கும் ஒன்று எழுதட்டும். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கட்டணம் 10 ரூபாய். உங்கள் ஊரிலே 'டி.சி.' என்று குறித்த நிலம் எவ்வளவு, எந்தெந்தப் புல எண், முதலிலே யாருக்கு வழங்கப்பட்டது, இன்று யார் பெயரிலே பட்டா இருக்கிறது என்ற நான்கு கேள்விகள் போதும். பழைய பதிவேட்டு நகலையும் உடன் கேளுங்கள். புதிய ஏட்டிலே அந்த இரண்டு எழுத்து விடுபட்டிருக்கக் கூடும். விண்ணப்பம் எழுதத் தயங்கும் பெரியவர்களுக்கு எழுதிக் கொடுக்க, ஞாயிறுதோறும் நாமும் நம் தோழர்கள் சிலரும் காத்திருக்கிறோம்.